பல்லுக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பலவிதமாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேரும்: பல்லில் எது உயிருள்ள பகுதி, எது உயிரற்ற பகுதி? இது பிடிபட்டால் பல் ஏன் கூசுகிறது, சொத்தை ஏன் சத்தமில்லாமல் உள்ளே பரவுகிறது, கால்சியம் மாத்திரை ஏன் பல்லைத் தொடுவதில்லை என்பதெல்லாம் தானாக விளங்கும். அதனால் பல்லின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்லும் எலும்பும் ஒன்றுதானே?

இல்லை. எலும்பு உடைந்தால் கட்டுப் போட்டு வைத்தால் கூடிவிடும். பல் உடைந்தால் கூடாது. எலும்பு தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் திசு. அதற்குள் செல்களும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. பல்லின் வெளியோட்டில் இரண்டுமே கிடையாது.

ஒரு பல்லில் நான்கு திசுக்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை ஓடு எனாமல். தமிழில் பற்சிப்பி என்றும் மிளிரி என்றும் எழுதுவார்கள். அதற்கு உள்ளே, பல்லின் பெரும்பகுதியாக இருப்பது டென்டைன். வேரைச் சுற்றி மெல்லிய பூச்சாக இருப்பது சிமென்டம். நடுவில், நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் மென்மையான பகுதி பற்கூழ். இவற்றில் எலும்புக்கு நெருங்கிய உறவு டென்டைனும் சிமென்டமும்தான். எனாமல் பிறந்த வழியே வேறு. அது கருவில் வாயின் மேல்தோலிலிருந்து உருவாகிறது. மற்ற மூன்றும் அதற்குக் கீழேயுள்ள திசுவிலிருந்து வருகின்றன.

எனாமல் எதனால் ஆனது? அவ்வளவு கெட்டியா?

நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. மீதியில் பெரும்பங்கு தண்ணீர், ஒரு சதவீதம் அளவுக்குப் புரதம். தாதுவின் பெயர் ஹைட்ராக்சிஅபடைட்: கால்சியம் பத்து, பாஸ்பேட் ஆறு, ஹைட்ராக்சில் இரண்டு என்ற கணக்கில் அடுக்கிய படிகம். ஆனால் பல்லில் இருப்பது சுத்தமான ஹைட்ராக்சிஅபடைட் அல்ல. இடையிடையே கார்பனேட் புகுந்திருக்கும். கார்பனேட் புகுந்த படிகம் அமிலத்தில் எளிதாகக் கரையும். சொத்தைக் கதை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

படிகங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு கோலாகின்றன. கோலின் அகலம் சுமார் 5 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. இந்தக் கோல்கள் டென்டைன் ஓரத்தில் புறப்பட்டு ஏறக்குறையப் பல்லின் வெளிப்பரப்பு வரை போகின்றன. நேர்க்கோட்டில் போகாமல், கயிற்றுப் புரிபோல ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. ஒரு விரிசல் கிளம்பினால் நேராக ஓட வழியில்லாமல் திணறி நின்றுவிடும். கடைவாய்ப்பல்லின் மேடுகளில் எனாமல் சுமார் 2.5 மி.மீ. தடிமன், ஈறு ஓரத்துக்கு வரவரக் கத்தி முனைபோல மெலிந்துவிடும்.

தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமல் ஏறக்குறைய 5. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. சோற்றில் கல் கடிபடும்போது உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடுகிறதே, அந்தச் சண்டையில் ஜெயிப்பது கல்தான்.

கெட்டியாக இருந்தாலும் எனாமல் கண்ணாடி மாதிரி நொறுங்கக் கூடியது. அடியில் சற்று வளைந்து கொடுக்கும் டென்டைன் மெத்தைபோல இருப்பதால்தான் அறுபது எழுபது வருடம் தாக்குப்பிடிக்கிறது. இரண்டும் சேரும் கோடு தட்டையாக இல்லாமல் அலை அலையாக இருப்பதும் பிடிமானத்துக்குத் துணை. சொத்தை உள்ளே டென்டைனைக் குடைந்துவிட்டால், ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது எனாமல் ஓடு படக்கென்று உள்வாங்கும். "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், திடீர்னு உடைஞ்சுபோச்சு" என்பார்கள். திடீரென்று அல்ல, அடித்தளம் எப்போதோ போய்விட்டது.

தேய்ந்த எனாமல் திரும்ப வளருமா?

வளராது. அதைக் கட்டும் செல்களுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர். பல் ஈறுக்குள் இருக்கும்போதே இவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மைக்ரோமீட்டர் வீதம் எனாமலை இட்டுக்கொண்டே பின்வாங்குகின்றன. முதலில் இடுவது புரதம் நிறைந்த மெத்தென்ற பொருள். அதில் முக்கியமான புரதம் அமெலோஜெனின். பிறகு அந்தப் புரதத்தை வெட்டி வெளியேற்றி, காலியான இடத்தில் தாதுவை நிரப்புகின்றன. வேலை முடிந்து பல் முளைக்கும்போது இந்தச் செல்கள் அழிந்துவிடுகின்றன. வீட்டைக் கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன கொத்தனார் மாதிரி. பிறகு கூப்பிட்டாலும் வரமாட்டார்.

"எனாமலை மீட்கும்" என்று பற்பசை விளம்பரங்களில் வருவது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த நிலையில் எப்போதும் இருக்கின்றன. குழி விழாமல், தாது மட்டும் குறைந்து வெண்புள்ளியாக நிற்கும் இடத்தில் இவை திரும்பப் படியும். ஃபுளோரைடு இருந்தால் இன்னும் நன்றாகப் படியும். ஆனால் அது இருக்கிற படிகத்தைப் பழுதுபார்ப்பது மட்டுமே. கோல்களை மறுபடி நட்டுக் குழியை மூட உடம்பால் முடியாது.

உமிக்கரி, செங்கல்பொடியில் பல் தேய்க்கலாமா? தாத்தாவுக்குப் பல் விழவே இல்லையே?

உமியில் சிலிக்கா நிறைய உண்டு. கரியானாலும் அது போவதில்லை. செங்கல்பொடியில் மணல் இருக்கிறது. மேலே சொன்ன மோஸ் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும், இரண்டும் எனாமலை அராவும். ஈறோரத்திலோ எனாமலே மெல்லிசு, அதைத் தாண்டினால் இன்னும் மென்மையான டென்டைன். பழைய ஆட்கள் சிலரின் பல்லில் ஈறை ஒட்டி ஆப்பு வெட்டியதுபோலப் பள்ளம் இருப்பதற்கு இந்தத் தேய்ப்பும் ஒரு காரணம். தாத்தாவுக்குப் பல் விழாததற்குக் காரணம் கரியாக இருக்காது, நாளெல்லாம் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் இல்லாததாக இருக்கலாம்.

என் பல் மஞ்சளாக இருக்கிறது. அழுக்கா?

பெரும்பாலும் இல்லை. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். நமக்குத் தெரிகிற நிறத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் டென்டைனுடையது. டென்டைன் இயல்பிலேயே மஞ்சள். அதனால்தான் தடித்த டென்டைன் கொண்ட கோரைப்பல் எல்லோருக்கும் மற்ற பற்களைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, டென்டைன் உட்புறமாகத் தடிக்கிறது, மஞ்சளும் கூடுகிறது.

டீ, வெற்றிலை, புகையிலைக் கறை வேறு. அது மேலே ஒட்டியிருப்பது, சுத்தம் செய்தால் போகும். சிறுவயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை தின்றவர்களின் சாம்பல் பழுப்புப் பட்டைகள் அப்படிப் போகாது. அந்த மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, வளர்ந்துகொண்டிருந்த டென்டைனுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக அதைத் தவிர்ப்பது இதனால்தான்.

புளியங்காய் தின்றாலும் ஐஸ் வாட்டர் குடித்தாலும் ஏன் பல் கூசுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. டென்டைனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

டென்டைனில் எடைப்படி சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கரிமப் பொருள், 10 சதவீதம் தண்ணீர். கரிமப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் அதே புரதம். ஆனால் டென்டைன் திடமான கட்டி அல்ல. பற்கூழ் ஓரத்திலிருந்து வெளியே நோக்கி நுண்குழாய்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. பற்கூழ் அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 45,000 முதல் 65,000 குழாய்கள். வெளியோரத்தில் 15,000 முதல் 20,000. குழாய்க்குள் திரவம் நிரம்பியிருக்கும். டென்டைனைக் கட்டிய ஓடன்டோபிளாஸ்ட் செல்கள் பற்கூழின் சுவரோரமாக உயிரோடு வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் வாலைக் குழாய்க்குள் நீட்டியிருக்கும். எனாமலைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள், டென்டைனைக் கட்டியவர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கூச்சம் எப்படி வருகிறது? எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ குழாய்களின் வாய் திறந்துவிட்டால், குளிர்ந்த தண்ணீர் படும்போது உள்ளே இருக்கும் திரவம் விறுக்கென்று நகர்கிறது. அந்த நகர்வு குழாயின் உள்முனையில் இருக்கும் நரம்பை இழுக்கிறது. மூளைக்குப் போவது குளிர் என்ற செய்தி அல்ல, வலி என்ற செய்தி. சுவீடனைச் சேர்ந்த பிரென்ஸ்ட்ரோம் 1960களில் சோதனைகள் செய்து நிறுவிய விளக்கம் இது. இன்றும் பெரும்பாலானோர் ஏற்பது இதைத்தான். காற்று, இனிப்பு, தொடுகை எல்லாம் ஒரே மாதிரிக் கூசுவதற்குக் காரணம், எல்லாமே திரவத்தைத்தான் நகர்த்துகின்றன.

புளியங்காயும் எலுமிச்சையும் இன்னொரு வேலையும் செய்கின்றன. குழாய் வாய்களை அடைத்திருக்கும் மெல்லிய படலத்தை அமிலம் கரைத்துவிடுகிறது. ஒரு கொத்து புளியங்காயைத் தின்றுவிட்டு அன்று இரவு இட்லிகூடக் கடிக்க முடியாமல் போன அனுபவம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இருக்கும். மறுநாள் சரியாகிவிடும், ஏனென்றால் உமிழ்நீர்த் தாது வாய்களை மறுபடி கொஞ்சம் அடைத்துவிடுகிறது. புளிப்பாக எதையாவது சாப்பிட்ட உடனே பிரஷ் போடாமல் அரை மணி நேரம் பொறுப்பது நல்லது. மேற்பரப்பு அப்போது இளகியிருக்கும்.

பூச்சிப்பல்லில் உண்மையில் பூச்சி இருக்கிறதா?

கிடையாது. தெருவோரத்தில் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுகிறவர், அதைத் தன் கையிலிருந்தோ மருந்துப் பஞ்சிலிருந்தோதான் எடுக்கிறார்.

பல்லை அரிப்பது அமிலம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூடன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தில் அமில அளவைக் குறிக்கும் பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டைனுக்கு 6.2 அளவிலேயே கரைதல் தொடங்கிவிடும். இனிப்புச் சாப்பிட்ட சில நிமிடங்களில் பி.எச். சரிந்து, பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய கணக்கு. ஒரே மூச்சில் நாலு ஜிலேபி தின்பவரைவிட, காலையிலிருந்து மாலை வரை அரை மணிக்கொரு தடவை டீயை உறிஞ்சுகிறவரின் பல்தான் அதிக நேரம் அமிலத்தில் நனைகிறது.

எனாமலுக்கு நரம்பு கிடையாது, அதனால் அங்கே சொத்தை நடக்கும்போது வலி தெரியாது. டென்டைனைத் தொட்டதும் அது பக்கவாட்டில் பரவுகிறது. வெளியே ஊசிமுனைக் கறுப்பு, உள்ளே குகை. ஓடன்டோபிளாஸ்ட்கள் சும்மா இருப்பதில்லை. எதிரி வரும் திசையில் புதிதாக டென்டைனைக் கட்டிச் சுவர் எழுப்பிப் பார்க்கும். சொத்தை மெதுவாக வந்தால் சுவர் ஜெயிக்கும்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் பல் கெட்டியாகுமா?

முளைத்து முடிந்த பல்லுக்கு ஆகாது. எனாமலுக்கு இரத்த ஓட்டம் இல்லை; நீங்கள் விழுங்கிய கால்சியம் அங்கே போய்ச் சேரச் சாலை கிடையாது. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் சத்துணவு முக்கியம், அது வேறு விஷயம்.

கர்ப்பத்தில் குழந்தை அம்மாவின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்களே? "பிள்ளைக்கொரு பல்" என்பார்கள் வீட்டில்.

அதே காரணத்தால் இதுவும் நடக்காது. தேவைப்பட்டால் அம்மாவின் எலும்பிலிருந்து எடுக்கும், பல்லிலிருந்து எடுக்க வழியில்லை. கர்ப்பத்தில் பல் கெடுவதற்கு உண்மையான காரணங்கள்: வாந்தியில் வரும் வயிற்று அமிலம், ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குவது, குமட்டலால் பல் துலக்காமல் விடுவது, அடிக்கடி எதையாவது கொறிப்பது.

சிமென்டம் என்பது பல்லில் படியும் காரையா? அதைச் சுரண்டினால் பல் ஆடும் என்கிறார்களே?

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்கேலிங் என்ற பல் சுத்தத்தில் எடுக்கும் காரை, எச்சிலின் தாது சேர்ந்து இறுகிய அழுக்கு. அது பல்லின் பகுதியே அல்ல. பல நாள் காரை ஈறைத் தள்ளி எலும்பைக் கரைத்து, பல்லைத் தளர்த்தியிருக்கும். ஆனால் காரையே முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டும் இருக்கும். அதை எடுத்தவுடன் ஆட்டம் தெரியும், இடைவெளி தெரியும், கொஞ்சம் கூசும். பழி ஸ்கேலிங் மேல் விழுந்துவிடுகிறது.

சிமென்டம் வேரின் மேல் இருக்கும் உண்மையான திசு. தாது சுமார் பாதிதான். பல்லின் கழுத்தில் 20 முதல் 50 மைக்ரோமீட்டர், வேர் நுனியில் 150 முதல் 200 வரை தடிமன். அதன் வேலை பல்லை எலும்போடு கட்டுவது. கொலாஜன் நார்களின் ஒரு முனை சிமென்டத்தில் புதைந்திருக்கும், மறுமுனை தாடை எலும்பில். நடுவே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி. பல் எலும்பில் அறைந்த ஆணி அல்ல, ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. ஒருவருடைய பத்துப் பற்களில் ஏறக்குறைய ஒன்றில் எனாமலும் சிமென்டமும் ஒன்றையொன்று தொடாமல், நடுவே டென்டைன் வெளியே தெரியும். ஈறு கொஞ்சம் இறங்கினாலே சில இடங்களில் கூச்சம் வருவதற்கு இதுவும் காரணம்.

அடிபட்டுப் பல் முழுசாக விழுந்துவிட்டது. திரும்ப வைக்க முடியுமா?

நிரந்தரப் பல்லானால் முடியும், நேரம்தான் முக்கியம். வேரில் ஒட்டியிருக்கும் அந்த நார்ச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். மண் இருந்தால் லேசாக அலசிக் குழியிலேயே வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓடுங்கள். பேப்பரில் சுற்றிப் பையில் போட்டு எடுத்து வந்தால் செல்கள் காய்ந்து செத்துவிடும். பால்பல்லைத் திரும்ப வைப்பதில்லை, அடியில் இருக்கும் புதுப் பல்லுக்குக் கேடு.

பல்வலி ஏன் இரவில் உயிரை எடுக்கிறது? எந்தப் பல் என்றுகூடச் சொல்ல முடிவதில்லையே?

பற்கூழில் முக்கால்வாசி தண்ணீர். மற்ற இடங்களில் அழற்சி வந்தால் வீங்க இடம் உண்டு. இங்கே நாலு பக்கமும் டென்டைன் சுவர். வீக்கம் அழுத்தமாக மாறி நரம்பைப் பிடித்துக்கொள்கிறது. படுக்கும்போது தலைக்கு இரத்த அழுத்தம் கூடுவதால் இன்னும் மோசம். பற்கூழ் நரம்புகளுக்கு வலியைச் சொல்லத் தெரியும், இடத்தைச் சொல்லத் தெரியாது. இடம் சொல்வது வேரைச் சுற்றியுள்ள நார்ப்பகுதியின் வேலை. அழற்சி அதுவரை இறங்கிய பிறகுதான் "இந்தப் பல்தான்" என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

ரூட் கேனால் செய்த பல் செத்த பல்லா?

ரூட் கேனால் என்பது பற்கூழை எடுத்துவிடும் சிகிச்சை. பற்கூழ் போய்விட்டது, அதோடு ஓடன்டோபிளாஸ்ட்களும் போய்விட்டன. வேரின் வெளிப்புறச் சிமென்டமும் நார்களும் உயிரோடுதான் இருக்கின்றன. அதனால் பல் உறுதியாக நிற்கிறது, கடித்தால் அழுத்தம் தெரிகிறது. உடையும் வாய்ப்பு கூடுவதற்கு முக்கியக் காரணம், சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து அதிலிருந்து எடுத்த பொருள்தான். கடைவாய்ப்பல்லானால் கேப் போட்டுக்கொள்ளுங்கள்.

தர்மபுரிப் பக்கம் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதே, ஏன்?

தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் பாறைத் தாதுக்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. அதைத் தாண்டிய நீரைக் குழந்தை பல வருடம் குடித்தால், எனாமலிலிருந்து புரதத்தை வெளியேற்றும் வேலை தாமதமாகி, நுண்துளைகளோடு பல் முளைக்கும். முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளை. பிறகு துளைகளில் கறை ஏறிப் பழுப்பாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து வரும் பாதிப்பு) தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. அது 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது.

இதே கறையைத்தான் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் கண்டு குழம்பினார். காரணம் ஃபுளோரைடு என்று தெரிய 1931 ஆயிற்று. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் அவர் கண்ணில் பட்டிருந்தது. ஹைட்ராக்சில் இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்தால், பி.எச். 4.5 வரை கரையாத படிகம் கிடைக்கிறது. பற்பசையில் ஃபுளோரைடு வந்த கதை இதுதான்.

பெரியவர்களுக்குப் பற்பசையால் இந்தக் கறை வராது, அவர்கள் எனாமல் முடிந்துபோன விஷயம். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பற்பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

யானைத் தந்தம் எலும்பா, பல்லா?

பல். நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பல், கிட்டத்தட்ட முழுக்க டென்டைன்.

எலும்புக்கூட்டில் பல்லை வைத்து வயது சொல்வது எப்படி?

எனாமல் உருவான பிறகு உடம்பு அதைப் புதிதாகக் கட்டுவதே இல்லை என்பதால், உருவான காலத்தின் பதிவு அதில் அப்படியே நின்றுவிடுகிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14 கூடியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. எனாமலில் இருக்கும் அரை சதவீதத்துக்கும் குறைவான கார்பனில் அந்த அளவைப் பார்த்தாலே அந்தப் பல் எந்த ஆண்டு உருவானது என்று கணக்கிடலாம். 2005இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் இப்படிச் சராசரியாக 1.6 ஆண்டுப் பிழையோடு வயதைச் சொல்லிக் காட்டினார்கள். ஆணா பெண்ணா என்பதையும் பல் சொல்லும்: அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோம்களிலும் சற்றே வேறுபட்ட வடிவில் இருக்கிறது.

மரத்தில் ஆண்டு வளையம்போல எனாமலில் நாள்கோடுகளும், ஏறக்குறைய வாரத்துக்கொன்றாக இன்னும் அழுத்தமான கோடுகளும் உண்டு. பால்பற்களில் அவற்றுக்கு நடுவே ஒரு கோடு மட்டும் தனியாகத் தெரியும். பிறந்தபோது உடம்பு பட்ட அதிர்ச்சியில், எனாமல் கட்டுவது சற்றுத் தடுமாறிய இடம் அது. கோட்டுக்கு உள்ளே இருப்பது வயிற்றுக்குள் உருவான எனாமல், வெளியே இருப்பது பிறந்த பின் உருவானது. விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்தோமே, அதிலும் அந்தக் கோடு இருந்தது.